ஹார்விபுரத்து வீடு



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்குத் தலைப்புக் கேட்டு அலுவலகத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "தத்துவம், சமயம், வாழ்க்கை: ஒரு சமநிலைன்னு போட்டுக்கிடட்டுமா அம்மா?" என்றார். வேண்டாம் என்றேன். சமநிலை என்று சொன்னால் தராசு நினைவுக்கு வந்துவிடும். முப்பத்திரண்டு ஆண்டுகள் கல்லூரியில் தத்துவம் நடத்தியவள் நான். என் வீட்டில் அந்தத் தராசு ஒருநாளும் நேராக நின்றதில்லை. விடைத்தாள் திருத்தும் மாதத்தில் பூசை அறையில் நேற்றைய பூ காய்ந்து கிடக்கும். பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை என்றால் கான்ட் இரண்டு மாதம் அலமாரியில் உட்கார்ந்திருப்பார். ஆகவே ஒரு வீட்டின் பெயரைத் தலைப்பாகக் கொடுத்தேன். "யார் வீடும்மா அது?" என்று கேட்டார். அந்த வீட்டுக்காரரை உங்கள் எல்லோருக்கும் தெரியும். சற்று முன்பு அவர் எழுதிய பாட்டுக்குத்தான் நாம் எழுந்து நின்றோம்.

பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளையை நாம் தமிழ்த்தாய் வாழ்த்தின் ஆசிரியராகவும் மனோன்மணீயம் என்ற நாடகத்தின் ஆசிரியராகவும் அறிவோம். திருநெல்வேலியில் ஒரு பல்கலைக்கழகமே அவர் பெயரில் இருக்கிறது. ஆனால் அவர் சம்பளம் வாங்கியது தமிழுக்காக அல்ல. திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் அவர் தத்துவப் பேராசிரியர். ஐரோப்பியத் தத்துவத்தை ஆங்கிலத்தில் பாடம் சொன்னார். மாலையில் சைவர்; இடையில் மூன்றாண்டு வரி வசூல் அதிகாரி; ஓய்ந்த நேரத்தில் கல்வெட்டுப் படி எடுப்பவர். இத்தனையும் நாற்பத்திரண்டு வயதுக்குள். 1855இல் ஆலப்புழையில் பிறந்து 1897இல் காலமானார். இந்தக் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் கொஞ்சம் பயமும் வரும்.

அவரிடம் போவதற்கு முன் என் வகுப்பறையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இளங்கலை இரண்டாம் ஆண்டு. ஹியூம் நடத்திக்கொண்டிருந்தேன். அற்புதங்களைப் பற்றி 1748இல் அவர் எழுதிய பகுதி. அவருடைய வாதம் சிறியது. ஒரு அற்புதம் நடந்தது என்று ஒருவர் சாட்சி சொன்னால், அந்தச் சாட்சி பொய்யாக இருப்பது அந்த அற்புதத்தைவிடப் பெரிய அற்புதமாக இருந்தால் மட்டுமே நம்பு என்கிறார். வகுப்பு அமைதியாகக் கேட்டது. பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்தான். "மேடம், கூன்பாண்டியனுக்கு வந்த சுரத்தைச் சம்பந்தர் திருநீறு பூசித் தீர்த்தாருன்னு சொல்லுதாங்களே. அதுக்கு ஹியூம் என்ன சொல்லுவாரு?" கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தான். முகத்தை என்றா சொன்னேன், நெற்றியைப் பார்த்தான். அன்று வெள்ளிக்கிழமை. காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்த திருநீறு அப்படியே இருந்தது. வகுப்பு சிரித்தது.

"நம்ப இடமில்லைன்னுதான் சொல்லுவாரு. வாதம் நிக்கும்" என்றேன்.

"அப்ப நீங்க?"

மணி அடித்துவிட்டது. ஆசிரியர்களைக் காப்பாற்றுவதற்கென்றே இருக்கும் தெய்வம் அது.

அந்தக் கேள்விக்கு அன்று மாலையே ஒரு பதில் தயார் செய்தேன். மறுநாள் காலையில் அதைப் படித்துப் பார்த்தபோது எனக்கே பிடிக்கவில்லை. 'அறிவின் எல்லை வேறு, நம்பிக்கையின் எல்லை வேறு' என்கிற மாதிரியான பதில். எல்லைக்கல் நட்டு இரண்டு பேரையும் சண்டையில்லாமல் வைத்துக்கொள்வது. பாகப்பிரிவினை செய்துகொண்ட அண்ணன் தம்பி வீடுகளில் இந்த அமைதியைப் பார்த்திருக்கிறேன். கிணறு யாருக்கு என்ற கேள்வி வரும்வரைதான் அது நிற்கும்.

சுந்தரம் பிள்ளை அந்தப் பாகப்பிரிவினையைச் செய்யவில்லை. இதை நான் கண்டது அவருடைய நாடகத்தில் அல்ல. நாடகத்தைவிடக் குறைவாகவே படிக்கப்படும் ஒரு கட்டுரையில். திருஞானசம்பந்தர் காலம் பற்றி ஆங்கிலத்தில் அவர் செய்த ஆராய்ச்சி அது. அதன் நடுவில் நிற்பவர் என் மாணவன் கேட்ட அதே சுரம் பிடித்த பாண்டியன்.

கதை இப்படி. கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் கூன்பாண்டியனைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதிக்குக் கொண்டுவந்தார். கூன்பாண்டியனுக்குச் சுந்தர பாண்டியன் என்றும் ஒரு பெயர் வழங்கியது. மார்க்கோ போலோவின் பயணக் குறிப்பில் அதே பெயரை ஒத்த ஒரு பாண்டியன் வருகிறான். இருவரும் ஒருவரே என்று கால்டுவெல் கொண்டார். பாண்டியன் பதின்மூன்றாம் நூற்றாண்டு என்றால் அவன் சுரத்தைத் தீர்த்த சம்பந்தரும் பதின்மூன்றாம் நூற்றாண்டுதான். தேவாரமே சோழப் பேரரசு முடிந்த பிறகு பாடப்பட்டதாகிவிடும். இன்று இதைக் கேட்டால் சிரிப்பு வரும். அன்று கால்டுவெல் சொன்னது என்றால் அதற்கு மறுபேச்சு எளிதல்ல.

ஒரு சைவர் இதற்கு எப்படிப் பதில் சொல்லியிருக்கலாம்? 'பாதிரியார் நம் சமயத்தைச் சிறுமைப்படுத்துகிறார்' என்று மேடையில் முழங்கியிருக்கலாம். கைத்தட்டல் நிச்சயம். அல்லது சம்பந்தரைக் கலியுகத் தொடக்கத்துக்கே கொண்டுபோய் வைத்திருக்கலாம். அப்படி வைக்கவும் ஆட்கள் இருந்தார்கள். சுந்தரம் பிள்ளை கல்வெட்டுகளை எடுத்தார். பின்வந்த நூல்களில் சம்பந்தர் பெயர் எங்கெங்கே வருகிறது, அந்த நூல்கள் எந்தக் காலத்தவை என்று ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி இறங்கினார். அவர் போய் நின்ற இடம் ஏழாம் நூற்றாண்டு. கிட்டத்தட்ட அதே ஆண்டுகளில் கல்வெட்டறிஞர் வெங்கையாவும் வேறொரு பக்கத்திலிருந்து அங்கேயே வந்து சேர்ந்தார். சம்பந்தரின் நண்பரான சிறுத்தொண்டர் வாதாபிப் போருக்குச் சென்றவர் என்று பெரியபுராணம் சொல்கிறது. அந்தப் போரைப் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் காலத்தோடு அவர் பொருத்தினார். இன்றுவரை அந்த முடிவு ஆட்டம் காணவில்லை.

இதில் என்னைக் கவர்ந்தது முடிவு அல்ல, நின்ற இடம். அறுநூறு ஆண்டு பின்னுக்குப் போனதில் சைவர்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஏழாம் நூற்றாண்டில் அவர் நின்றுவிட்டார். இன்னும் ஓராயிரம் ஆண்டு கேட்டவர்களுக்கு அவர் கொடுக்கவில்லை. கல்வெட்டு எங்கே நின்றதோ அங்கே அவரும் நின்றார். அவர் கும்பிட்ட பிள்ளை அது. ஆளுடைய பிள்ளை என்று சைவர்கள் உருகும் குழந்தையின் காலத்தை, ஒரு நில வழக்கில் பத்திரங்களைப் பார்க்கும் முன்சீப்பைப் போல அவரால் பார்க்க முடிந்தது. பார்த்து முடித்ததும் கும்பிடுவதை நிறுத்திவிடவும் இல்லை.

முன்சீப் என்றதும் அவர் காலத்தவரான நல்லசாமிப் பிள்ளை ஞாபகம் வருகிறார். அவர் உண்மையிலேயே மாவட்ட முன்சீப். பகலில் வழக்கு, இரவில் மெய்கண்டார். சிவஞான போதத்தை 1895இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். 1897இல் 'சித்தாந்த தீபிகை' என்ற மாத இதழைத் தொடங்கினார். பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து சம்பளத்தோடு சித்தாந்தம் ஆராய்ந்தவர்கள் நம்மில் பலர். அவருடைய மொழிபெயர்ப்பை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கும்.

நம்பிக்கையும் தர்க்கமும் ஒரே ஆளிடம் இருக்க முடியுமா என்ற கேள்வியே ஐரோப்பாவிலிருந்து நமக்கு வந்தது என்று சிலர் சொல்வார்கள். பாதி சரி. அங்கே திருச்சபைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடந்த இழுபறியின் வடு அந்தக் கேள்வியில் இருக்கிறது. ஆனால் இங்கே அந்தக் கேள்வி இல்லவே இல்லை என்று சொல்வது சோம்பேறித்தனம். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரைத் திறந்து பாருங்கள். அருணந்தி சிவாசாரியார் தம் கட்சியைச் சொல்வதற்கு முன் பரபக்கம் என்று ஒரு நூலளவு எழுதுகிறார். முழுக்க எதிர்க்கட்சி. முதல் ஆளே உலோகாயதன். கடவுள் இல்லை, உயிர் இல்லை, கண்டதே காட்சி என்பவன். பிறகு பௌத்தர் நால்வர், சமணர், மீமாஞ்சகர், மாயாவாதி என்று பதினான்கு பேர். ஒவ்வொருவரையும் முதலில் பேச விட்டு அப்புறம்தான் மறுக்கிறார். தம் கட்சியைச் சொல்லும் சுபக்கத்துக்கு வந்ததும் நேரே சிவனைப் பாடிவிடுகிறாரா? அளவை இயலில் தொடங்குகிறார். எதை வைத்து எதை அறிகிறோம், காட்சி எது, கருதல் எது, உரை எது என்று. இதைத்தான் நாங்கள் பாடத்திட்டத்தில் அறிவாராய்ச்சியியல் என்று பெயர் வைத்து முதல் பருவத்தில் நடத்துகிறோம்.

அருணந்தியார் பரபக்கத்தை எழுதியபோது அவருக்கு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்திருக்கிறேன். உலோகாயதனின் வாதத்தைப் பலமாக எழுத வேண்டுமென்றால் கொஞ்ச நேரமாவது அவனாக இருந்து பார்க்க வேண்டும். வகுப்பில் ஹியூமை நடத்தும் அந்த ஐம்பது நிமிடம் நான் ஹியூம்தான். நெற்றியில் திருநீறோடு இருக்கும் ஹியூம். அதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று அந்தப் பையனிடம் சொல்லியிருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

சித்தாந்திகள் ஞானத்துக்கு நான்கு படி சொல்வார்கள். கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை. நம் பல்கலைக்கழகம் இதில் எங்கே நிற்கிறது? கேட்டலுக்கு வருகைப் பதிவு உண்டு. சிந்தித்தலுக்கு, நல்ல வினாத்தாள் அமைந்தால், பதினைந்து மதிப்பெண் உண்டு. தெளிதலுக்குத் தேர்வு வைக்க முடியாது. ஒருவர் தெளிந்துவிட்டாரா என்று எந்தப் புறத்தேர்வாளரும் சொல்ல முடியாது. வாய்மொழித் தேர்வில் முயன்று பார்த்திருக்கிறேன். நிட்டையைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆகவே கல்லூரித் தத்துவம் அரைவழிப் பயணம் என்று சமயத்தார் இளக்காரமாகச் சொல்வது உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும். நான் கண்டவரை அவர்களில் பலர் முதல் படியிலிருந்து நேரே நான்காவது படிக்குத் தாவியவர்கள். நடுவில் இரண்டு படி இருப்பதே அவர்களுக்கு மறந்துபோயிற்று.

இந்த நான்காவது படியின் பெயரைத்தான் சுந்தரம் பிள்ளை தம் நாடகத்தில் ஒரு பாத்திரத்துக்கு வைத்தார். நிஷ்டாபரர். மனோன்மணீயம் 1891இல் வெளிவந்தது. லிட்டன் பிரபு எழுதிய ஒரு கதையைத் தழுவியது. ஜீவகன் என்ற பாண்டியன் குடிலன் என்ற அமைச்சனின் பேச்சைக் கேட்டு மதுரையை விட்டு நெல்லைக்கு வந்து கோட்டை கட்டுகிறான். அவனுடைய குரு சுந்தர முனிவருக்கு அந்தக் கோட்டையில் நம்பிக்கை இல்லை. அரண்மனையில் ஒரு அறையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, அங்கிருந்து தம் ஆசிரமத்துக்கு ஒரு சுருங்கை அமைக்கிறார். அந்த முனிவருக்கு இரண்டு சீடர்கள். நிஷ்டாபரர், கருணாகரர். பெயரிலேயே கட்சி தெரிந்துவிடும். முன்னவர் உள்ளே திரும்பி அமர்பவர். பின்னவர் உயிர்களுக்கு இரங்கி உழைப்பவர். இருவரும் நாடகத்தில் வாதாடுகிறார்கள்.

கதைக்கு இந்த வாதம் அவ்வளவு அவசியமில்லை. மேடையேற்றுகிறவர்கள் முதலில் வெட்டும் காட்சி இதுவாகத்தான் இருக்கும். ஆனால் தத்துவப் பேராசிரியராகவும் மூன்றாண்டு சிரஸ்தாராகவும் இருந்த ஒருவருக்கு இந்தச் சண்டை வெளியில் நடந்திருக்காது. காலை எழுந்ததும் உட்காரச் சொல்லும் நிஷ்டாபரரும், கச்சேரிக்குக் கிளம்பச் சொல்லும் கருணாகரரும் அவருக்குள்ளேயே இருந்திருப்பார்கள். நாடகம் அவர்களில் ஒருவரையும் ஆசிரமத்தை விட்டு வெளியேற்றவில்லை. எனக்கு அந்தச் சுருங்கையும் முக்கியம். குரு அரசனை அரண்மனையிலிருந்து ஆசிரமத்துக்கு இழுத்துப் போகவில்லை. நிலத்துக்கடியில் வழி மட்டும் வைத்துவிட்டு இரண்டையும் அதனதன் இடத்திலேயே விட்டுவிடுகிறார்.

அந்த முனிவருக்குச் சுந்தரர் என்ற பெயர் சும்மா வரவில்லை. தாமிரபரணிக் கரையில் இருக்கிறது கோடகநல்லூர். 'நிஜானந்த விலாசம்' இயற்றிய சுந்தர சுவாமிகள் அந்த ஊரார். திருநெல்வேலியில் தலைமையாசிரியராக இருந்த 1870களின் கடைசியில், இருபத்து மூன்று இருபத்து நான்கு வயதில், சுந்தரம் பிள்ளை அவரைக் குருவாக ஏற்றார். இன்னொரு குரு திருவனந்தபுரத்தில் இருந்தார், ராபர்ட் ஹார்வி. கல்லூரியில் அவருக்குத் தத்துவம் கற்பித்தவர். நெல்லையிலிருந்து திரும்பிவரச் செய்தவர். 1880இல் எம்.ஏ. முடித்து, வருவாய்த்துறைக்குப் போய், ஹார்வி ஊர் திரும்பிய 1885இல் அவருடைய இடத்துக்கே சுந்தரம் பிள்ளை வந்தார். மனோன்மணீயத்தை ஹார்விக்குக் காணிக்கையாக்கினார். பேரூர்க்கடையில் குன்றின்மேல் தமக்குக் கிடைத்த நிலத்தில் வீடு கட்டி அதற்கு ஹார்விபுரம் என்று பெயரிட்டார். நாடகத்துக்குள்ளே கோடகநல்லூர் குரு, நாடகத்தின் முகப்பிலும் வீட்டு வாசலிலும் ஆங்கிலம் பேசும் குரு. இரண்டு குருமாரையும் சேர்த்து ஒரு கோட்பாடு செய்ய அவர் முயலவில்லை. கடன்பட்ட இடத்தில் கடனை எழுதிவைத்தார்.

1885இல்தான் திருவனந்தபுரத்தில் சைவப் பிரகாச சபையும் தோன்றியது. அதில் அவரோடு நின்ற தைக்காடு அய்யா சுவாமிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனமில்லை. சட்டம்பி சுவாமிகளும் நாராயண குருவும் யோகம் பயின்ற குரு அவர். அவருக்கு ஊரார் வைத்த பெயர் சூப்பிரண்டு அய்யா. வெள்ளைக்கார ரெசிடென்சியில் அவர் சூப்பரின்டென்டென்டு உத்தியோகம் பார்த்தார். அலுவலக நேரம் முடிந்து யோகம். துறவு வேறு, உத்தியோகம் வேறு என்று நாம் போடும் கோடு அந்த ஊரில் அன்று அவ்வளவு அழுத்தமாக இல்லை.

மனோன்மணீயத்தில் நடராசன் என்றொரு இளைஞன் வருகிறான். வயல்வெளியில் தனியாக நின்று புல்லையும் வாய்க்காலையும் பார்த்துப் பேசுகிறான். பிறகு நாங்கூழ்ப் புழுவைப் பார்த்துப் பேசுகிறான். மண்புழுதான். மண்ணைத் தின்று மண்ணைக் கழித்து உழவனுக்குத் தெரியாமல் உழுது வைக்கும் புழுவை அவன் வியந்து போற்றுகிறான். மண்புழு நிலத்தை எப்படிப் பண்படுத்துகிறது என்று டார்வின் தனி நூல் எழுதியது 1881இல். பத்தே ஆண்டில் அது தமிழ்ச் செய்யுளில் ஊர்ந்துகொண்டிருக்கிறது. அறிவியல் துறைகளை வகைப்படுத்தி 'நூற்றொகை விளக்கம்' என்று 1888இல் தமிழில் எழுதியவரின் நாடகத்தில் இதை எதிர்பார்க்கலாம். ஆனால் நடராசனின் பேச்சு பாடமாக இல்லை, கிட்டத்தட்ட வழிபாடாக இருக்கிறது. டார்வினைப் படித்ததால் நம்பிக்கை போயிற்று என்று அழுதவர்கள் அதே காலத்தில் இங்கிலாந்தில் ஏராளம். இங்கே ஒருவர் புழுவின் முன் கைகூப்பி நிற்கிறார். படைப்பு ஆறே நாளில் முடிந்தது என்ற கட்டாயம் அவர் சமயத்தில் இல்லை என்பது ஒரு காரணம். இந்த வசதியை நாம் நம் பெருமையாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. நமக்கு வேறு இடத்தில் இடிக்கும்.

எனக்கு இடித்த இடத்தைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மாமியாருக்கு டெங்கு வந்தது. எண்பத்தோரு வயது. தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. மருத்துவமனையில் இரவு நான்தான் உடன் இருந்தேன். இரண்டாம் நாள் இரவு திருநீலகண்டப் பதிகத்தைச் சொல்லத் தொடங்கினேன். கொங்கு நாட்டில் தம் அடியாருக்குக் குளிர்சுரம் வந்தபோது சம்பந்தர் பாடியது என்பது மரபு. சுரம் கண்ட வீடுகளில் இன்றும் சொல்வார்கள். அத்தை கண்ணை மூடியபடியே கூடச் சொன்னார்கள். நடுவில் நான் ஒரு அடியை விட்டுவிட்டபோது திருத்தினார்கள். ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தோம்.

அந்த இரவில் ஹியூம் என் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் இருந்தார். அவர் என்ன சொல்வார் என்று எனக்கு மனப்பாடம். அவரை நான் எழுந்து போகச் சொல்லவில்லை. அத்தை பிழைத்ததை அதற்குப்பின் எந்த வாதத்திலும் நான் சாட்சியாக வைத்ததும் இல்லை. வைத்தால், அதற்கு நான்கு ஆண்டு முன்பு இதே பதிகத்தைச் சொல்லச் சொல்லப் போய்விட்ட என் தம்பியை என்ன செய்வது? பதிகம் என்பது அந்த இரவில் எனக்கு ஒரு மருந்தைப் பற்றிய செய்தியாக இருக்கவில்லை. ஏழாம் நூற்றாண்டில் ஒருவர் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னதை, அதே மாதிரி உட்கார்ந்து நான் சொன்னேன். ஏழாம் நூற்றாண்டு என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதைக் கண்டு சொன்னவர் ஒரு தத்துவப் பேராசிரியர். என் மாணவனுக்கு நான் கொடுக்க வேண்டியிருந்த பதில் இதற்கு மேல் எனக்கு இன்றும் கிடைக்கவில்லை. இது அவனுக்குப் போதாது என்றும் தெரியும். அவன் கேட்டது நடந்ததா நடக்கவில்லையா என்று. நடந்ததற்குச் சாட்சி போதாது. அவ்வளவுதான் ஒரு ஆசிரியை சொல்ல வேண்டியது. திருநீறைத் துடைத்துக்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

இனி அன்றாட வாழ்க்கை. அறிஞர்களின் வாழ்க்கை வரலாறுகளில் இந்தப் பகுதி எப்போதும் சிறியது. சுந்தரம் பிள்ளை 1877இல் சிவகாமி அம்மாளை மணந்தார். பெரும்பாலான வாழ்க்கைக் குறிப்புகளில் அந்த அம்மாள் இந்த ஒரு வரியோடு முடிந்துவிடுகிறார். கணவர் காலையில் கல்லூரி, மாலையில் சபை, விடுமுறையில் கல்வெட்டு, இரவில் நாடகம். இத்தனைக்கும் நடுவே ஹார்விபுரத்தில் உலை வைத்தது யார், வருகிற பண்டிதர்களுக்கு இலை போட்டது யார் என்று ஆண்கள் எழுதிய கட்டுரைகள் கேட்பதில்லை. நான் கேட்பேன். நான் நாற்பது வயதில் முனைவர் பட்டம் வாங்கியது என் அத்தை அடுப்படியைப் பார்த்துக்கொண்டதால். ஒருவருடைய தராசு நேராக நிற்கிறது என்றால் அதை யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள்.

மனோன்மணீயத்துக்குள் ஒரு தனிக் கதைப்பாட்டு இருக்கிறது. கோல்டுஸ்மித்தின் 'துறவி' என்ற பாட்டைத் தழுவியது. காதலனைத் தேடிக் காட்டுக்குப் போகும் பெண், அங்கே துறவியாக இருக்கும் அவனையே காண்கிறாள். மூலத்தில் அவள் பெயர் ஏஞ்சலினா. தமிழில் அவர் வைத்த பெயர் சிவகாமி. 'சிவகாமி சரிதம்' என்றே அதற்குத் தலைப்பு. வீட்டில் இருந்த சிவகாமி அதைப் படித்துவிட்டு என்ன சொல்லியிருப்பார்? துறவியாகிவிட்ட காதலனைத் தேடிப் போய்க் கண்டடையும் பெண்ணுக்குத் தம் மனைவியின் பெயரை ஒரு தத்துவக்காரர் வைத்திருக்கிறார் என்பதை நான் தற்செயலாகக் கொள்ளத் தயாரில்லை. நாடகம் வெளிவந்த அதே 1891இல் மகன் பிறந்தான். அவனுக்கு வைத்த பெயர் நடராசன். மண்புழுவைக் கும்பிட்டவனின் பெயர்.

ஹார்விபுரத்தைத் தேடி வந்தவர்களில் நாகப்பட்டினத்து இளைஞர் ஒருவர் உண்டு. வேதாசலம் என்று பெயர், 1895இல் வந்தபோது வயது பத்தொன்பது. பின்னாளில் மறைமலையடிகள். 1898இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார், 1911இல் விட்டார். அதே ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று காவி உடுத்தார். சுந்தரம் பிள்ளையால் ஒரே கூரையின் கீழ் வைத்துக்கொள்ள முடிந்ததை அவரால் முடியவில்லை என்று தோன்றும். ஆனால் துறவு பூண்ட பிறகும் மனைவி மக்களோடு பல்லாவரத்தில்தான் இருந்தார். தனித்தமிழ் கண்டவர் தம் நாட்குறிப்பை ஆங்கிலத்தில் எழுதினார். இதைச் சொல்லிச் சிலர் நகைப்பார்கள். எனக்கு அவர்மேல் மதிப்புக் கூடுகிறது. காவிக்குள்ளும் கணக்கு எழுத வேண்டியிருக்கிறது. எந்த மொழியில் பழகிற்றோ அந்த மொழியில் எழுதுகிறார்.

அதே கிறித்துவக் கல்லூரியில் 1908இல் முதுகலைக்கு ஒரு மாணவர் வேதாந்தத்தின் அறவியல் பற்றி ஆய்வுரை எழுதினார். திருத்தணிக்காரர், பெயர் ராதாகிருஷ்ணன். வேதாந்தத்தில் அறத்துக்கு இடமில்லை என்று சொல்லப்பட்டதுதான் தம்மை அந்தப் பக்கம் தள்ளியது என்று பின்னால் எழுதினார். கேள்வி கேட்டவர்கள் வேறு சமயத்தார். பதிலைத் தேடப்போனவர் தம் வீட்டையே முதல்முறையாகச் சுற்றிப் பார்த்தார். நம்பிக்கையை வகுப்பறைக்கு வெளியே செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும் என்று சொல்பவர்கள் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இன்று அந்த அச்சம் மறுபக்கத்திலிருந்தும் வருகிறது. சம்பந்தர் காலத்தை வகுப்பில் விவாதித்தால் யார் மனம் புண்படுமோ என்று இளம் ஆசிரியர்கள் என்னிடம் கேட்கிறார்கள். சுந்தரம் பிள்ளையின் கட்டுரையை எடுத்துக் கொடுக்கிறேன். நூற்றுமுப்பது ஆண்டுக்கு மேலாகிறது, இன்னும் ஒருவர் மனமும் புண்படவில்லை.

பணி ஓய்வு பெற்ற மறு ஆண்டு நானும் என் கணவரும் திருவனந்தபுரம் போனோம். பேரூர்க்கடைக்கு ஆட்டோ பிடித்து ஹார்விபுரம் போக வேண்டும் என்றேன். ஓட்டுநருக்குத் தெரியவில்லை. சுந்தரம் பிள்ளை என்று சொல்லிப் பார்த்தேன். தெரியவில்லை. மகன் பெயரைச் சொன்னேன். தந்தை இறந்தபோது அந்தப் பையனுக்கு வயது ஆறு. வளர்ந்து விடுதலைப் போராட்டத்துக்குப் போய், திருவிதாங்கூர்-கொச்சியில் நிதியமைச்சராகவும் இருந்தவர் பி. எஸ். நடராஜ பிள்ளை. "ஓ, நடராஜபிள்ளை ஸ்கூளோ!" என்று ஓட்டுநர் உடனே வண்டியைத் திருப்பினார். அவர் பெயரில் அங்கே ஒரு அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது.

பள்ளி வாசலில் இறங்கினோம். மழை விட்டிருந்தது. குன்று எந்தப் பக்கம் என்று என் கணவர் ஒரு கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. திருநெல்வேலியில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து சிலிண்டர் கொண்டுவந்த தம்பி. "அக்கா, கதவு பூட்டியிருக்கே, இன்னிக்கு விட்டா அப்புறம் திங்கக்கிழமதான்" என்றான். எதிர் வீட்டு லட்சுமி அக்காவிடம் கொடுக்கச் சொன்னேன். அவர்களிடம் சில்லறை இருக்குமா என்று அவன் கேட்டான். இருக்கும், இல்லையென்றால் நான் வந்து தருகிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள் என் கணவர் மேட்டில் பாதி தூரம் ஏறிவிட்டார்.